டி.எம். ஹெப்படாலஜியா, டி.எம். கேஸ்ட்ரோவா?

பிஜி_மெடிசின்:
எம்.டி. பொது மருத்துவம், கடைசி வருஷம். அடுத்து டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு. கல்லீரல் நோயாளிகளைப் பார்க்கத்தான் ஆசை. கேஸ்ட்ரோ (இரைப்பை, குடல் மருத்துவம்) முடித்தாலே கல்லீரலும் பார்க்கலாம், எதற்குத் தனி ஹெப்படாலஜி (கல்லீரல் மருத்துவம்) என்கிறார்கள் சீனியர்கள். இரண்டும் மூன்று வருஷம்தான். வேலையில் என்ன வித்தியாசம்? இப்போதே எதில் கை பழக வேண்டும்?

கல்லீரல்_வார்டு:
தம்பி, கேஸ்ட்ரோகாரரின் பாதி நாள் எண்டோஸ்கோபி அறையில் போகும். ஹெப்படாலஜியில் வார்டும் ஐ.சி.யு.வும்தான்: சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது), திடீர்க் கல்லீரல் செயலிழப்பு, மாற்று அறுவைக்கு முன்னும் பின்னும் பராமரிப்பு. ஈ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப் வழியே பித்தநாளச் சிகிச்சை) பெரும்பாலும் கைக்கு வராது. ஆனால் ரத்த வாந்தியோடு வருபவருக்கு நடுராத்திரியில் பேண்டிங் (உணவுக்குழாயில் வீங்கிய ரத்தநாளத்துக்கு எண்டோஸ்கோப் வழியே ரப்பர் வளையம்) போடத் தெரியாமல் இந்தத் துறையில் இருக்க முடியாது. அதனால் சீட் எடுக்கும் முன் அங்கே படிப்பவரிடமே கேளுங்கள்: பேண்டிங் அவர் கையால் போடுகிறாரா, எச்.வி.பி.ஜி. (கல்லீரல் ரத்தநாள அழுத்தம்) அளக்கிறார்களா, மாற்று அறுவை நடக்கிறதா? டெல்லி ஐ.எல்.பி.எஸ்., சண்டிகர் பி.ஜி.ஐ., வேலூர் சி.எம்.சி. மூன்றிலும் கல்லீரலுக்குத் தனித் துறை உண்டு. பி.ஜி.ஐ.க்கு டி.எம். நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். செல்லாது, தனித் தேர்வான ஐ.என்.ஐ. எஸ்.எஸ். எழுத வேண்டும்.

வயிற்றுநீர்:
கை பழக அசைட்டிஸ் டேப்பை (வயிற்றில் தேங்கிய நீரை ஊசியால் எடுப்பதை) விடச் சிறந்தது இல்லை. இடது பக்கம், இடுப்பெலும்பு முன்முனையிலிருந்து இரண்டு விரல் மேலே, இரண்டு விரல் உள்ளே. தோலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு குத்துங்கள். ஊசியை எடுத்ததும் தோல் மேலேறித் துளையை மூடிவிடும், வேட்டி நனையாது. ஐ.என்.ஆர். (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் அளவு) கூடியிருக்கிறதென்று பிளாஸ்மா ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கல்ச்சருக்கான நீரைப் படுக்கையருகிலேயே பிளட் கல்ச்சர் பாட்டிலில் 10 மி.லி. விட்டுவிடுங்கள், வெறும் டியூபில் லேபுக்கு அனுப்பினால் கிருமி பல சமயம் வளராது. அந்த நீரில் ஒரு கன மி.மீ.க்கு நியூட்ரோஃபில் (ஒருவகை வெள்ளணு) 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் கல்ச்சருக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக்.

எல்லோரும் சறுக்குவது நீர் எடுத்தபின் நரம்பில் ஏற்றும் அல்புமின் புரதத்தில். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 8 கிராம். 8 லிட்டருக்கு 64 கிராம், அதாவது 20 சதவீத 100 மி.லி. பாட்டில் மூன்றுக்குச் சற்று மேல். விலைக்குப் பயந்து விட்டுவிட்டால் அன்றைக்கு நோயாளி நிம்மதியாகத்தான் தூங்குவார். ஒரு வாரத்துக்குள் சோடியம் இறங்கும், கிரியாட்டினின் ஏறும். பணம் இல்லாத வீடு என்றால் 5 லிட்டருக்குள் நிறுத்துங்கள், அவருடைய சிறுநீரகம் பிழைக்கும்.

மாவட்ட_டாக்டர்:
எங்கே உட்காரப்போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகள் எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி எல்லாம் சேர்ந்து செய்பவரைத்தான் தேடும். அங்கே கேஸ்ட்ரோதான் சரி. ஹெப்படாலஜி முழுசாகப் பயன்படுவது மாற்று அறுவை நடக்கும் நகரங்களில்.

எங்கே இருந்தாலும் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவது பாதி வைத்தியம். கல்லீரல் கோளாறால் வரும் மனக்குழப்பத்துக்குத் தரும் மலமிளக்கியான லாக்டுலோஸை “ஒரு நாளைக்கு மூணு வேளை” என்று எழுதிக் கொடுத்தால் போதாது. இளக்கமாக இரண்டு மூன்று தடவை போக வேண்டும், போகாவிட்டால் கூட்டுங்கள், பத்துத் தடவை போனால் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று மனைவியிடம் சொல்ல வேண்டும். அதிகமானால் நீர் வற்றி அதனாலேயே மயக்கம் கூடும். தூக்கம் பகலுக்கு மாறினாலே கூட்டிவரச் சொல்லுங்கள், உளறும்வரை காத்திருக்க வேண்டாம்.

பிஜி_மெடிசின்:
நன்றி சார். மாற்று அறுவைக்கு எப்போது அனுப்புவது?

கல்லீரல்_வார்டு:
மெல்ட் (கல்லீரல் எவ்வளவு மோசம் என்று காட்டும் ஸ்கோர்) 15 ஆனதும். மெல்ட் குறைவாக இருந்தாலும் முதல் அசைட்டிஸ், முதல் ரத்த வாந்தி, முதல் குழப்பம் இதில் ஒன்று வந்தாலே பேச்சை ஆரம்பித்துவிடுங்கள். உறவில் கொடையாளர் தேடிப் பரிசோதிக்கவும், இல்லையென்றால் தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் பட்டியலில் பதியவும் நாள் பிடிக்கும். எலிமருந்து பேஸ்ட் (மஞ்சள் பாஸ்பரஸ்) தின்ற கேஸுக்கு மட்டும் எந்த ஸ்கோருக்கும் காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், அதன்பிறகுதான் ஐ.என்.ஆர். ஏறும். மாற்றுமருந்து கிடையாது. நன்றாக இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பாமல், பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் சிகிச்சை) வசதியுள்ள இடத்துக்கு அன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.