1000 மீற்றருக்குக் கீழே விளைந்த மால்பெக்கை (சிவப்பு வைன் தரும் திராட்சை வகை) வாங்கலாமா?

கொழுந்துமடுவம் (பண்டாரவளை):
"1000 மீற்றருக்குக் கீழே விளைந்த மால்பெக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் காசுக்குக் கேடு, போத்தலில் உயரம் அச்சிடப்படாவிட்டால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்" என்று நுவரெலியாப்பனி நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் கழித்தவன் நான். கோப்பையில் ஊற்றிப் பார்க்காமல், விளைந்த உயரத்தைக் கேட்டே தரம் சொன்னவர்களால் எத்தனை நல்ல தூள் உரிய விலை பெறாமல் போயிற்று என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மால்பெக் பிறந்த இடம் பிரான்சின் தென்மேற்கில், லொட் ஆற்றை ஒட்டிய காஓர். அந்தப் பெயரைப் போத்தலில் போட வேண்டுமானால் வைனில் குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அவ்வூர்த் திராட்சைத் தோட்டங்கள் 400 மீற்றரைக்கூட எட்டுவதில்லை. அப்படியானால் தாய்வீடே காசுக்குக் கேடா?

நுவரெலியாப்பனி:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அது தேயிலை அனுபவம். பன்னிரண்டு ஆண்டுகளாக உணவு விடுதி ஒன்றில் வைன் பரிமாறி வரும் நான், விருந்தினர் பாதியில் ஒதுக்கி வைக்கும் கிண்ணங்களையும் கழுவியவன். ஆர்ஜென்டினாவின் மால்பெக் விளையும் மெண்டோசா ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மில்லிமீற்றர் மழை மட்டுமே பெறும் வறண்ட நிலம். அந்தீஸ் மலையின் பனி உருகி வரும் நீரைக் கொண்டே அங்கே கொடி வளர்க்கிறார்கள். மலை ஏற ஏற இரவு குளிர்கிறது, அதனால் பழத்தின் புளிப்பு அழியாமல் நிற்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர் கடுமையாவதால் தோல் தடித்து, நிறமும் துவர்ப்பும் கூடுகின்றன. அங்குள்ள வைன் உற்பத்தியாளர் நிக்கோலாஸ் கத்தேனா 1992இல் ஏறக்குறைய 1500 மீற்றர் உயரத்தில் கொடி நட்டது காரணமில்லாமல் அல்ல. மலிவுப் போத்தல்களில் பெரும்பாலானவை 600, 700 மீற்றர் அளவிலுள்ள மெண்டோசாவின் கிழக்குச் சமவெளியிலிருந்து வருகின்றன. அவற்றில் இனிப்பு இருக்கிறது, உயிர் இல்லை. நான் பேசியது ஆர்ஜென்டினாவைப் பற்றி. காஓர் இங்கே எதற்கு?

கொழுந்துமடுவம்:
தம்பி, நீங்கள் எழுதியது "மால்பெக்" என்றுதான். "ஆர்ஜென்டினா மால்பெக்" என்று எழுதவில்லை. சரி, ஆர்ஜென்டினாவுக்கே வருகிறேன். 1853இல் மிஷேல் எமே பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் வழியாகத்தான் மால்பெக் அந்த நாட்டுக்குப் போனது. அவர் நாற்றுப் பண்ணை அமைத்த மெண்டோசா நகரம் ஏறக்குறைய 750 மீற்றரில் இருக்கிறது. அந்நகரை அடுத்த மைப்பூவில் பல பழைய கொடிகள் 1000 மீற்றருக்குக் கீழேதான் நிற்கின்றன. கிழக்குச் சமவெளி வைன் சப்பென்றிருப்பதற்கு உயரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நீரைத் தாராளமாகப் பாய்ச்சி ஒரு கொடியில் அளவுக்கு மீறிக் குலைகளைத் தொங்க விட்டால் 1500 மீற்றரிலும் அதே சப்பைதான் வரும்.

எங்கள் ஊவாவைப் பாருங்கள். யூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு இறங்கும்போது கொழுந்து சுண்டுகிறது. அந்த வாட்டத்தில்தான் ஊவாவின் தனி மணம் பிறக்கிறது. அதே மலை, அதே மீற்றர். காற்று வராத மாதத்தில் அந்த மணம் வருவதில்லை. உயரம் ஒன்றே தரத்தைத் தருமானால், தாழ்நிலத்தில் விளையும் ருஹுணுத் தேயிலை கொழும்பு ஏலத்தில் மலைத் தேயிலையின் சராசரி விலையை முந்திச் செல்வது எப்படி?

ஹட்டன்மலையான்:
மலையகத்தில் பிறந்து, மலைத் தேயிலையில் சோறு உண்டு வளர்ந்த ஒருவர் ருஹுணுவை உயர்த்திப் பேசுவதைப் படிக்கவே வேதனையாக இருக்கிறது. சென்ற ஆண்டு ஊவாவா திம்புளவா என்ற விவாதத்திலும் இவர் இப்படித்தான், ஹட்டன் பக்கத்துத் தேயிலைப் பகுதியான எங்கள் திம்புளவின் சனவரி முதல் மார்ச் வரையிலான நல்ல பருவத்தை ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போனார். அதை நான் மறக்கவில்லை. ருஹுணுவின் விலை மத்திய கிழக்கு நாட்டவர் கறுத்த, முறுகிய இலையை விரும்பி வாங்குவதால் வருவது. விலை வேறு, தரம் வேறு.

கொழுந்துமடுவம்:
விலை வேறு, தரம் வேறு என்பதைத்தானே நானும் சொல்கிறேன்? தாழ்ந்த இடத்து மால்பெக் மலிவு என்பதால் தரமற்றதாகி விடாது. திம்புளவைப் பற்றி நான் அன்று சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை.

பதுளைவாசகி:
நல்ல சிவப்பு வைனைக் குறைந்த விலைக்குக் கண்டுபிடிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளவே இங்கே வந்தேன். நம் ஊர் வைன் ஸ்டோர்களில் சாராயப் போத்தல்கள் நிறைந்த தட்டுகளுக்கு ஓரமாக நாலைந்து வைன்தான் நிற்கும். அவற்றில் உயரத்தை எங்கே தேடுவது? மால்பெக் இல்லாத நாளில் நான் சிலியின் கார்மெனேர் வாங்குகிறேன். 1994 வரை அதனை மேர்லோ என்ற வேறு திராட்சையாக எண்ணியே அங்கே நட்டு விற்று வந்தார்கள். இத்தாலியின் மொந்தேபுல்சானோ த'அப்ருட்சோவும், ஸ்பெயினின் கலதாயுத் பகுதிக் கர்னாச்சாவும் கைக்கு அடக்கமானவை. இன்னொன்று: சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் வைத்துக் குடியுங்கள் என்ற அறிவுரை ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்கு உரியது. நுவரெலியாவில் போத்தல் மேசையிலேயே 16, 17 பாகையில் நிற்கும். பதுளையில் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காவிட்டால் சாராய நெடிதான் முன்னே வரும். ஒருமுறை வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் நின்ற மால்பெக்கை வாங்கி வந்தேன். வேகவைத்த பழத்தின் நாற்றம் அடித்தது. அது எத்தனை மீற்றரில் விளைந்திருந்தாலும் அந்த அலமாரி அதைக் கெடுத்திருக்கும்.

நுவரெலியாப்பனி:
அக்கா, நீங்கள் சொன்ன கலதாயுத்தும் மலைப்பாங்கான இடமே. அங்கே 1000 மீற்றரைத் தொடும் தோட்டங்கள் உண்டு. ஆகவே உங்கள் உதாரணம் என் பக்கம் நிற்கிறது.

பதுளைவாசகி:
தம்பி, தொடும் தோட்டங்கள் உண்டு என்றால் தொடாதவையும் உண்டு. நான் வாங்கிய போத்தலில் மீற்றர் எதுவும் இல்லை. ஆனால் வைன் நன்றாக இருந்தது.

கொழுந்துமடுவம்:
தங்கச்சி சொன்னதைக் கவனியுங்கள். நம் தேயிலைக் கணக்கில் ஏறக்குறைய 600 மீற்றர் வரை தாழ்நிலம், 1200 வரை இடைநிலம், அதற்கு மேலேதான் உயர்நிலம். நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் 1000 மீற்றர் நமது கணக்கில் வெறும் இடைநிலம். அதைக் கோட்டை மதில்போல நட்டு வைத்தது யார்? காஓருக்கு இன்னும் பதில் வரவில்லை.

நுவரெலியாப்பனி:
பதில் இதோ. காஓர் 1956 பெப்ரவரிப் பனியில் கொடிகளில் பெரும்பகுதியைப் பறிகொடுத்து, மீண்டும் நட்டு எழுந்த ஊர். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் அதன் வைன் கறுத்து, துவர்ப்பு மிகுந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது. சம்பள நாளில் வாங்கி அன்றிரவே ஆட்டிறைச்சிக் கறியோடு குடிக்க விரும்புபவருக்கு அது உதவாது. மெண்டோசாவில் 1000 மீற்றருக்கு மேல் விளைந்தது நாவற்பழச் சாறுபோல ஊதா நிறத்தில், மென்மையாக இறங்கும். இந்த எல்லையிலிருந்து நான் ஒரு மீற்றரும் இறங்க மாட்டேன்.

ஹட்டன்மலையான்:
திம்புளவைப் பற்றிய சொல்லைத் திரும்பப் பெறும் வரை நானும் விடப் போவதில்லை.

கொழுந்துமடுவம்:
துவர்ப்பு வேண்டாம் என்பது உங்கள் நாக்கின் விருப்பம். அதை மீற்றர் கணக்காக்கி மற்றவர்களின் காசுக்குச் சட்டம் எழுதாதீர்கள். காஓரிலும் இளமையிலேயே குடிப்பதற்கென்று மென்மையாகச் செய்யும் வைன்கள் உண்டு. அவையும் 400 மீற்றருக்குக் கீழேதான் விளைகின்றன. மறுபடியும் கேட்கிறேன்: அவை காசுக்குக் கேடா, இல்லையா?