ரசீதுப் புத்தகத்தோடு போன வீடு

தண்டையார்பேட்டை

எங்கள் சபையில் ஒருவர் வருவதில்லை என்பதே சந்தா நோட்டைப் புரட்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது. எட்டு மாதப் பாக்கி. பெயரைப் பார்த்த பிறகுதான் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று கட்டைக் குரலில் பாடும் அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. எட்டு மாதமாக அந்தக் குரல் இல்லாமலே பாடி முடித்து வீட்டுக்குப் போயிருக்கிறோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கல்மண்டபம் பக்கம் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். மழை, மெட்ரோ, பையன் வேலை என்று அரை மணி நேரம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று அண்ணன் பார்வை என் தோள்பைக்குப் போனது. ஜிப் சரியாக மூடாமல் ரசீதுப் புத்தகத்தின் நீல அட்டை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எவ்ளோ தம்பி பாக்கி? சொல்லு, குடுத்துடறேன்."

நான் வாங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்ன பேசினாலும் எடுபடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது அக்காதான் விஷயத்தைச் சொன்னார். மாமியார் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்திருக்கிறார். சர்ச்சிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அடக்கத்துக்கு மட்டும் வேன் வைத்து எல்லாரும் போனோம். நானும் போனேன், பாட்டுக்கூடப் பாடினேன்.

எங்கள் சபைப் போதகர், ஆயரிடம் கேட்டால் அவருக்கு ஆஸ்பத்திரி விஷயமே தெரியாது. யாரும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. "சொன்னாத்தான் வரணுமா" என்று அவர் இருந்திருக்கிறார், "சொல்லியிருந்தா வந்திருப்போமே" என்று நாங்கள் இருக்கிறோம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தோன்றும். ஆனால் வார்டு வாசலில் தரையில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறவன், ஆயருக்கு ஃபோன் போட வேண்டும் என்றா யோசிப்பான்?

உங்கள் சபையில், கத்தோலிக்கர் என்றால் உங்கள் பங்கில், எப்படி? விட்டுப் போனவர்களும் எழுதுங்கள், திரும்பி வந்தவர்களும் எழுதுங்கள்.

காசிமேடு

நாங்கள் கத்தோலிக்கர், விசைப்படகுத் தொழில். எங்கள் பங்கில் கோயிலுக்கு வராதவர்கள் யார் என்று கணக்கெடுத்தால் எங்கள் தெருவில்தான் வந்து நிற்பார்கள். காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், சென்னை முழுக்க மீன் வாங்க வந்து நிற்கும். அந்த வியாபாரத்தைக் கணக்குப் பண்ணித்தான் படகே கரைக்கு வரும். விடியற்காலையில் ஏலம் நடக்கும்போது பூசை மணி அடித்தால் யார் போவது? கூடையோடு உட்கார்ந்திருக்கும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் இதே கதை. சனிக்கிழமை சாயங்காலப் பூசை ஞாயிறு கணக்கில் சேரும் என்பார்கள். சேரும்தான், ஆனால் அந்த நேரத்தில் படகு கடலில் இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வந்து பாருங்கள். பூசையில் ஆம்பிளைகள் பக்கம் நிறைந்து நிற்கும். அப்போது மட்டும் புதிதாகப் பக்தி முளைத்துவிட்டதா என்ன?

ராயபுரத்துக்குப் பெயர் வந்ததே ராயப்பரால்தான் என்பார்கள். ராயப்பர் என்றால் பேதுரு, அவரும் வலை இழுத்தவர். இங்கே ராயப்பர் கோயிலைக் கட்டியவர்களும் படகுக்காரர்கள்தான். இப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு ஃபாதர் "ஞாயிறு கடன் திருநாள், பூசைக்குக் கட்டாயம் வரணும்" என்று பிரசங்கத்துக்குப் பிரசங்கம் திட்டினார். திட்டு விழுந்தது யாருக்கு? வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு.

அவருக்குப் பின்னால் வந்தவர் ஒருநாள் ராத்திரி மூன்று மணிக்கு ஏலம் நடக்கும் இடத்துக்கு வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. ஐஸ் தண்ணீரில் செருப்பு நனைய ஓரமாக நின்று டீ குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் திங்கட்கிழமை சாயங்காலத்துக்கு மாறியது. மாதம் ஒருநாள் எங்கள் தெருவிலேயே பூசை வைக்கிறார். வருகிறோம்.

எர்ணாவூர்

சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு இந்தப் பக்கம் குடியிருப்பு கொடுத்தார்கள். பழைய சபை ராயபுரத்தில். மூன்று பிள்ளைகளைக் கிளப்பி, பஸ்ஸுக்கு நின்று, போய்ச் சேருவதற்குள் பாதி ஆராதனை முடிந்திருக்கும். இரண்டு வருஷம் தம் கட்டிப் போனேன். அப்புறம் பக்கத்து பிளாக்கில் நடந்த வீட்டுக்கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். பழைய பாஸ்டர் ஐயா அதை ஆட்டுத் திருட்டு என்று மைக்கிலேயே பேசினாராம். ஆட்டை யாரும் திருடவில்லை ஐயா, பட்டி தூரமாகிவிட்டது. ஒரு தடவை வந்து எங்கள் புது வீட்டில் ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருந்தால் இன்றைக்கும் அவரைத்தான் எங்கள் பாஸ்டர் என்று சொல்லியிருப்பேன்.

வியாசர்பாடி

எனக்கு யாரோடும் சண்டை இல்லை, மனவருத்தம் இல்லை. 2020 மார்ச்சில் சர்ச்சை மூடினார்கள், யூடியூபில் ஆராதனை பார்த்தேன். திறந்த பிறகும் அதுவே பழகிவிட்டது. நைட் ஷிஃப்ட் வேறு. இந்தக் காரணத்தைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. பையன் ஏதாவது தப்பு வழியில் போய்விட்டானா என்று அம்மாவிடம் ரகசியமாக விசாரித்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள் போனேன். வாசலிலேயே ஒரு ஆன்ட்டி, "அட, வழி தெரிஞ்சுதா?" என்றார். அறிவிப்பு வேளையில் ஆயர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். காணாமற்போன ஆடு வந்திருக்கிறதாம், எல்லாரும் கைதட்டினார்கள். அந்த உவமையில் மேய்ப்பன் ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வருகிறான், எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அடுத்த நான்கு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மறுபடி போனது அம்மா நச்சரிப்பு தாங்காமல். லேட்டாகத்தான் போனேன். கடைசி பெஞ்சில் ஒரு தாத்தா காலை ஒதுக்கி இடம் விட்டார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தன் பாமாலைப் புத்தகத்தை இரண்டு பேருக்கும் நடுவில் வருகிற மாதிரி நகர்த்திப் பிடித்தார். பாடுகிற வரிக்குக் கீழே அவர் கட்டைவிரல் இருந்தது. மஞ்சள் பாய்ந்த நகம், அது ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே வந்தது. ஆராதனை முடிந்ததும் ஒரு புளிப்பு மிட்டாயைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரமும் அதே பெஞ்சு. மூன்றாவது வாரம் செக்ரெட்டரி வந்து, "தம்பி, மைக் இரைஞ்சிட்டே இருக்கு, இன்னான்னு பாரேன்" என்றார். இப்போது சவுண்ட் சிஸ்டம் முழுக்க என் தலையில். ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு நேராக வந்துவிடுகிறேன்.

மறுபடியும் தண்டையார்பேட்டை

வியாசர்பாடி தம்பிக்கு நடந்ததைப் படித்ததும் எங்கள் வாட்ஸப் குழுதான் ஞாபகம் வந்தது. வராதவர்களுக்கு அதில் எபிரெயர் 10:25-ஐத் தட்டிவிடுவார்கள், சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்கிற வசனம். பழைய மொழிபெயர்ப்பில் "ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்" என்று வரும். நம்மூரில் புத்தி சொல்வது எப்படியிருக்கும் என்று தெரியாதா? பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் "ஊக்கமூட்டுவோமாக" என்று போட்டிருக்கிறார்கள். இதை கமிட்டியில் படித்துக் காட்டினேன். இரண்டு பேர் முறைத்தார்கள், ஆயர் சிரித்தார். வசனம் அனுப்புவது மட்டும் நின்றது.

இப்போது நாங்கள் செய்வது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. இரண்டு ஞாயிறு ஒருவர் வழக்கமான இடத்தில் இல்லையென்றால் பக்கத்தில் உட்காருகிறவரே ஃபோன் போட வேண்டும். கமிட்டிக்காரர்கள் ஃபோன் போடக் கூடாது, அவர்கள் போட்டால் அது சந்தா ஃபோனாகிவிடுகிறது. ரசீதுப் புத்தகம் சர்ச்சிலேயே இருக்கும்.

அண்ணன் வீட்டுக்கு அதற்குப் பிறகு நாலைந்து தடவை வெறுங்கையோடு போனேன். இரண்டாவது தடவை, அம்மா விஷயத்தில் எங்கள் மேல்தான் தப்பு என்று நேராகவே சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, டிவி சத்தத்தை மட்டும் குறைத்தார்.

அறுப்பின் பண்டிகைக்கு வந்திருந்தார். பாடகர் குழு பக்கம் போகவில்லை, வாசல் ஓரமாக நின்றார். காணிக்கையாக வந்த காய்கறிகளின் ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்கு நான் நூறு என்றேன். பின்னாலிருந்து அதே கட்டைக் குரல், "நூத்தம்பது." நான் இருநூறு. அவர் ஐந்நூறு. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்குச் சாயங்காலமே பாதிப் பூசணிக்காயை அறுத்து, செய்தித்தாளில் சுற்றி, பையனிடம் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.