ஒவ்வொரு காலையும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவி கேக்குது: டி.பி.எம். தானே ஓஃப் ஆகுது

இடம் திருநெல்வேலி, யாழ்ப்பாணம். இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டொப், விண்டோஸ் 11, டிஸ்க்கைப் பூட்டுறது பிட்லாக்கர் (விண்டோஸின்ர டிஸ்க் பூட்டு). அந்தப் பூட்டின்ர சாவியைக் காக்கிற தனி டி.பி.எம். சிப் இல்லை, இன்டெல் பேர்ம்வெயாரில ஓடுற டி.பி.எம். ஆன பி.டி.டி.தான் (பயோஸில ஓன், ஓஃப் பண்ணுறது). மூண்டு கிழமையாப் பிரச்சினை, பயோஸ் அப்டேட் செய்த அடுத்த நாளில இருந்து.

இரவு மெயின் சுவிட்சை நிப்பாட்டினால் காலையில பி.டி.டி. ‘டிசேபிள்ட்’ எண்டு கிடக்கும். சாவி சீல் ஆன டி.பி.எம்.ஐ விண்டோஸ் காணாது, மீட்புச் சாவி கேக்கும். திரும்ப எனேபிள் பண்ணினால் கேளாமல் திறக்குது. வெறும் றீஸ்டார்ட்டில ஒண்டும் இல்லை.

முதல்ல பயோஸ் செட்டிங்கைக் காக்கிற போர்ட் பற்றரியைத்தான் சந்தேகிச்சது. புது சி.ஆர். 2032 போட்டாச்சு, மீற்றரில 3.1 வோல்ட். நேரமும் பூட் வரிசையும் அழியேல்லை, பி.டி.டி. மட்டும்தான் (அதுதான் விளங்கேல்லை). பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணி பயோஸைத் திரும்ப பிளாஷ் பண்ணினது, டிபோல்ட் ஏற்றி சேவ் பண்ணினது, ரெண்டும் பலனில்லை. டி.பி.எம். கிளியர் பண்ணேல்லை. பழைய பயோஸுக்கு இறங்க போர்ட் விடுதில்லை.

போர்ட்டில தனி டி.பி.எம். செருகிற 14 பின் எஸ்.பி.ஐ. ஹெடர் இருக்கு. பின் வரிசை பொருந்துற தனி டி.பி.எம். 2.0 மொடியூல் போட்டால், மெயின் நிப்பாட்டினாலும் பி.டி.டி.க்குப் பதில் அந்த மொடியூல் எண்ட தெரிவு பயோஸில நிக்குமா?