கணினியின் அமைப்புக் கோப்பில் (கான்ஃபிக் ஃபைல்) ஒரே ஒரு வரி மாற்றப் போய் மாட்டிய அனுபவம் உண்டா?

நெல்லைச்சீமை:

2014 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஜவுளிக்கடை பில்லிங் கணினி, விண்டோஸ் 7, பின்னால் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம். பெரிய ஸ்டாக் பதிவை ஏற்றினால் பாதியில் நின்றுவிடும். ஒரே தடவையில் ஏற்கும் அளவைச் சொல்லும் மேக்ஸ் அலவ்ட் பாக்கெட்டை 16 எம்பி ஆக்கினால் போதும், எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதன் அமைப்புக் கோப்பான மை.ஐஎன்ஐ-யை நோட்பேடில் திறந்து மாற்றினேன். பின்னால் வருபவருக்குப் புரியட்டும் என்று மேலே தமிழில் ஒரு குறிப்பும் எழுதினேன்: "தீபாவளி ஸ்டாக் பெரிதாக இருந்ததால் 16 ஆக்கியது". சேமிக்கும்போது, ஆன்சி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் சேமித்தால் சில எழுத்துகள் அழிந்துவிடும் என்று நோட்பேட் எச்சரித்தது. சரி என்று, தமிழையும் ஏற்கும் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தேன்.

மைஎஸ்க்யூஎல் சர்வீஸ் எழுந்திருக்கவே இல்லை. 1067 பிழை. கட்டளைத் திரையில் ஓட்டிப் பார்த்தால் முதல் வரியிலேயே "ஃபவுண்ட் ஆப்ஷன் வித்தவுட் ப்ரிசீடிங் குரூப்" என்கிறது, அதாவது மேலே குழுப் பெயர் இல்லாமல் ஒரு அமைப்பு வந்திருக்கிறதாம். முதல் வரியில் இருப்பது என் குறிப்பு மட்டும்தான். அதை அழித்தேன், வரவில்லை. 16-ஐப் பழைய எண்ணுக்கே மாற்றினேன், அப்போதும் வரவில்லை. கவுண்டரில் பத்துப் பதினைந்து பேர் துணியோடு நிற்கிறார்கள், கடைப் பையன் கையால் பில் எழுதுகிறான், முதலாளி ஒன்றும் பேசாமல் என் பின்னால் நிற்கிறார்.

நல்லவேளை, தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. கடைசியில் ப்ராப்பர்ட்டீஸில் அளவைப் பார்த்தேன். புதிய கோப்பு 3 பைட் அதிகம். கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்! அந்த நொடியில் முதுகுத்தண்டு சில்லிட்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. 'சேவ் ஆஸ்' போய் ஆன்சி என்று மாற்றிச் சேமித்ததும் சர்வீஸ் ஓடியது. அது பிஓஎம், யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் நோட்பேட் வைத்த அடையாளம் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

இரவுப்பணி:

எனக்கு எஃப்எஸ்டேப், லினக்ஸ் ஏறும்போது எந்தெந்த வட்டுகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு. கிளை அலுவலகத்தில் சென்ட்ஓஎஸ் 7 சர்வர், பேக்கப்புக்கு ஒரு யூஎஸ்பி வட்டு. இடிசி எஃப்எஸ்டேபில் கடைசி வரியாக அதைச் சேர்த்தவன் நான்தான். வட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் நோஃபெயில் போடவில்லை. சில மாதம் கழித்து யாரோ வட்டைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு ஞாயிறு இரவு மின்சாரம் போய் வந்தது. சர்வர் அந்த வட்டுக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஊருக்குப் போக ஆறு மணி நேரம். கட்டடத்தில் இருந்தது காவலுக்கு இருந்த பெரியவர் ஒருவர்தான். அவர் கையில் பட்டன் போன், அதனால் திரையை எனக்குக் காட்டவும் வழியில்லை. "தம்பி, கருப்பா இருக்கு, கீழ ஒரு கோடு மின்னுது" என்றார். நிர்வாகிக் கணக்கான ரூட்டின் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். "அடிக்கிறேன் தம்பி, ஒண்ணும் விழ மாட்டேங்குதே." விழாது ஐயா, அப்படித்தான் இருக்கும், எண்டர் தட்டுங்கள் என்றேன். அடுத்தது ரூட் பகுதி என்கிற முதன்மை வட்டுப் பகுதியை எழுதக்கூடியதாக மாற்றும் கட்டளை. "எம், ஓ, யூ, என், டி, ஒரு இடைவெளி, கழித்தல் குறி…" அதற்கே கால் மணி நேரம் ஆனது. அப்புறம் விஐ எடிட்டர். எளிதான நானோ எடிட்டர் அதில் நிறுவப்படவில்லை. கடைசி வரியின் முன் # போட்டு அதைச் செயலிழக்க வைக்க வேண்டும்: ஷிஃப்டோடு ஜி, பிறகு சின்ன ஐ, ஷிஃப்டோடு 3, எஸ்கேப், பிறகு சேமித்து வெளியேற, அரைப்புள்ளிக்கு மேல் இருக்கும் இரட்டைப் புள்ளி, டபிள்யூ, க்யூ. ஒவ்வொரு தட்டலுக்கும் "ஆச்சு தம்பி" என்றார். மறுமுனையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இரவு 1.40-க்கு சர்வர் எழுந்தது. காலையில் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினேன். அடுத்த மாதம் நேரில் போனபோது கேட் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். லாரி எண்களுக்கு நடுவே, அந்தத் தேதியில், "புள்ளி புள்ளி டபுள்யூ க்யூ" என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கட்டளைவரி:

நெல்லைச்சீமை சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோப்பில் தமிழ்க் குறிப்பு எழுதியதுதான் அங்கே பிழை. அமைப்புக் கோப்பில் ஆங்கில எழுத்தைத் தவிர வேறு எதுவும் வரக்கூடாது. எதற்கு வம்பு? குறிப்பு எழுத வேண்டுமானால் தனிக் கோப்பில் எழுதலாம்.

என் கதை சின்னது. உபுண்டு லினக்ஸில், நிர்வாகி அதிகாரம் தரும் சுடோ கட்டளையை யார் ஓட்டலாம் என்று சொல்லும் சுடோயர்ஸ் கோப்பை நேரடியாக நானோவில் திறந்து ஒரு வரி சேர்த்தேன். ஒரு காற்புள்ளி கூடுதலாக விழுந்துவிட்டது. அடுத்த முறை சுடோ அடித்ததும் பார்ஸ் எரர். அதைத் திருத்துவதற்கும் சுடோ வேண்டும், சுடோதான் ஓடாதே. ரூட்டுக்குப் பாஸ்வேர்டும் கிடையாது. ரெகவரி மோடில் ஏற்றித்தான் சரிசெய்தேன்.

இதைப் படிக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன். சுடோயர்ஸை விசுடோ கட்டளை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். அது சேமிக்கும் முன் இலக்கணத்தைச் சோதித்து, தப்பு இருந்தால் "என்ன செய்யலாம்" என்று கேட்கும். விஐ வந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம், உபுண்டுவில் அது நானோவைத்தான் திறக்கும். தூரத்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் அமைப்பை மாற்றினால் ரீலோடுக்கு முன், சோதிக்க, எஸ்எஸ்எச்டி-யை மைனஸ் டி போட்டு ஓட்டுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகுதான் முதலாவதை மூட வேண்டும். வலை சர்வரான என்ஜின்எக்ஸுக்கும் அதே மைனஸ் டி. எஃப்எஸ்டேபுக்கு மவுண்ட் மைனஸ் ஏ, கூடவே ஃபைண்ட்மவுண்ட்டின் வெரிஃபை. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானில் டேப் விசையைத் தொடாதீர்கள், அந்தக் கோப்பின் யாமல் வடிவம் அதை ஏற்காது, இடைவெளி மட்டும்தான். நெட்பிளான் ட்ரை என்று ஓட்டினால், 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி சொல்லாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தூரத்து சர்வரில் இது உயிர் காக்கும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தேதி போட்டு ஒரு நகல். நானோ எளிமையான எடிட்டர், அது பாட்டுக்கு எதையும் மாற்றாது, பயப்படாமல் பயன்படுத்தலாம்.

பழையலேப்:

"நானோ அது பாட்டுக்கு எதையும் மாற்றாது" என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2019-இல் வந்த 4.0 பதிப்புக்கு முன் வரைக்கும், நீளமான வரியில் நீங்கள் ஓர் எழுத்து அடித்தால் நானோ தானாகவே வரியை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும். திரையில் வளைத்துக் காட்டுவதைச் சொல்லவில்லை, கோப்பிலேயே உடைத்துவிடும். வேண்டாம் என்றால் மைனஸ் டபிள்யூ போட்டுத் திறக்க வேண்டும்.

2008, கல்லூரி ஆய்வகம், உபுண்டு 8.04. மறுநாள் காலை பிராஜெக்ட் ரிவ்யூ. திரை சரியாக வரவில்லை என்று கணினியைத் தொடக்கி வைக்கும் க்ரப்பின் மெனு.எல்எஸ்டி-யைத் திறந்து கெர்னல் வரியின் முடிவில் ஒரு சொல் சேர்த்தேன். யூயூஐடி என்ற நீண்ட வட்டு அடையாள எண் இருக்கும் வரி, எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். வால் பகுதி அடுத்த வரிக்குப் போனதை நான் கவனிக்கவில்லை. மறுபடி ஏற்றினால், இப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது என்று க்ரப் நின்றுவிட்டது. பிராஜெக்ட் முழுக்க அந்த ஒரு கணினியில்தான். என்னோடு பிராஜெக்ட் செய்த பெண் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். சிடியிலிருந்தே கணினியை ஏற்ற உதவும் லைவ் சிடி ஒன்று தேடி, விடுதியின் மூன்று மாடிக்கும் ஓடினேன். இரண்டு வரியை ஒன்றாகச் சேர்க்க ஒரே ஒரு டெலீட் விசைதான் தேவைப்பட்டது. அவள் அழுத முகம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால், கட்டளைவரி, பழைய சர்வர்களில் இன்னமும் பழைய நானோ ஓடுகிறது. பதிப்பைப் பார்க்காமல் பயப்படாதீர்கள் என்று சொல்லக் கூடாது.

கடைசிபெஞ்ச்:

விண்டோஸ் ஹோஸ்ட்ஸ் கோப்பு, எந்தத் தளப் பெயர் எந்த ஐபி முகவரிக்குப் போக வேண்டும் என்று எழுதும் கோப்பு. நோட்பேடை அட்மினாகத் திறக்காததால் அந்த ஃபோல்டரில் சேமிக்க விடவில்லை. டெஸ்க்டாப்பில் சேமித்து, இழுத்துக் கொண்டுபோய் ஈடிசி ஃபோல்டரில் போட்டேன். ஒரு மதியம் முழுக்க ஏன் வேலை செய்யவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இரண்டு கோப்பு இருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒன்று ஹோஸ்ட்ஸ், இன்னொன்று ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி. விரிவுப்பெயரை விண்டோஸ் மறைத்துவிட்டது. ஒரே பெயரில் இரண்டு கோப்பு எப்படி இருக்கும் என்று பக்கத்து சீட் அண்ணன்தான் கேட்டார்.

ஏப்ரல்ஒன்று:

குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியலான க்ரான்டேப் பற்றி யாரும் சொல்லவில்லையே. திருத்துவதற்கு மைனஸ் ஈ, மொத்தமாக அழிப்பதற்கு மைனஸ் ஆர். விசைப்பலகையில் இரண்டும் அடுத்தடுத்து. எண்டர் தட்டினேன், எடிட்டர் திறக்கவில்லை, கேள்வி எதுவும் கேட்கவில்லை, சும்மா அடுத்த வரி வந்தது. பட்டியலைக் காட்டும் மைனஸ் எல் போட்டுப் பார்த்தால், க்ரான்டேப் இல்லை என்கிறது.

நகல் இல்லை. ஆனால் க்ரான் தான் ஓட்டிய ஒவ்வொரு கட்டளையையும் லாக் என்ற பதிவுக் கோப்பில் எழுதும். அதை வைத்து, எது எந்த நேரத்தில் ஓடியது என்று பார்த்துப் பார்த்து 11 வேலைகளைத் திரும்ப எழுதினேன். இரவு ஒன்பது மணிக்கு முடித்தேன். மேலாளரிடம் எல்லாம் வந்துவிட்டது என்று சொன்னேன், நானும் அப்படித்தான் நம்பினேன்.

லாக் நான்கு வாரத்துக்குத்தான் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் 1 நள்ளிரவில், நிதியாண்டு மாறும்போது பில் எண்ணை 1-இலிருந்து தொடங்க வைக்கும் வேலை ஒன்று அந்தக் க்ரான்டேபில் இருந்தது. எனக்கு முன்பு இருந்தவர் போட்டது. அது ஒன்றுதான் லாகில் இல்லை. ஏழு மாதம் கழித்து ஏப்ரல் 1 காலையில் பழைய வரிசையிலேயே பில் போய்க்கொண்டிருந்ததைக் கணக்குப் பிரிவு அக்கா காட்டினார். அதுவரை போட்ட பில்களை ரத்து செய்து மறுபடி போட வேண்டியதாயிற்று. முன்பு இருந்தவர் அந்த வேலையைப் பற்றி எங்காவது ஒரு வரி எழுதி வைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

கட்டளைவரி:

ஏப்ரல்ஒன்று, மைனஸ் ஆரோடு மைனஸ் ஐ-யும் சேர்த்தால் அழிக்கும் முன் கேட்கும். ஆனால் கை தவறி அடிப்பவர் ஐ-யை எப்படிச் சேர்ப்பார் என்று கேட்பீர்கள், நியாயம்தான். மைனஸ் எல்லின் வெளியீட்டைத் தினமும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், அதற்கும் ஒரு க்ரான் போடலாம். பழையலேப், நானோ விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. 4.0-க்கு முன்னால் அப்படித்தான், நான் மறந்துவிட்டேன். தமிழ்க் குறிப்பு பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

நெல்லைச்சீமை:

கட்டளைவரி, தமிழில் எழுதியது பிழை இல்லை. நோட்பேட் கேட்காமல் முன்னால் மூன்று பைட் வைத்ததுதான் பிழை. 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10-இல் நோட்பேடே யூடிஎஃப்-8 என்றால் பிஓஎம் இல்லாமல்தான் சேமிக்கிறது. தனிக் கோப்பில் எழுதலாம் என்கிறீர்கள். தனிக் கோப்பை யார் திறந்து பார்க்கிறார்கள்? மாற்றிய வரிக்கு மேலேயே இருந்தால்தான் கண்ணில் படும்.

அந்தத் தீபாவளி முடிந்ததும் நோட்பேட்++ நிறுவி, பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8-இல் அதே தமிழ்க் குறிப்பை மறுபடி எழுதினேன். அப்படியே ஓடியது. 2017-இல் அந்தக் கடை வேலையை விட்டேன். அடுத்த வருடம் புரட்டாசியில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "அண்ணே, நான் கடைல புதுசா சேர்ந்திருக்கேன். தீபாவளி ஸ்டாக்குக்காக 16 ஆக்குனதுன்னு எழுதியிருக்கீங்கள்ல, இந்த வருஷம் சரக்கு இன்னும் ஜாஸ்தி. 32 போடலாமா?" போடு தம்பி, குறிப்பையும் மாற்றி எழுதிவிடு என்றேன்.