வீட்டு மீடியா சர்வர்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்கள் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

கேள்வி

வணக்கம். ஜெர்மனியில் இரண்டு அறை வாடகை வீடு. ஊரிலிருந்து கொண்டுவந்த 2 டிபி ஹார்ட் டிஸ்கில் கல்யாண வீடியோ, பிள்ளைகளின் பிறந்தநாள் வீடியோ எல்லாம் இருக்கிறது. கூடவே ஒரு பை நிறைய டிவிடி, விசிடி. இங்கே டிவியில் பார்க்க வேண்டும், திருச்சியில் அப்பா அம்மாவும் அங்கிருந்தே பார்க்க வேண்டும். நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி) வாங்குவதா, ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவுக் கணினி) போதுமா? மீடியா சர்வர் மென்பொருளில் பிளெக்ஸா, ஜெல்லிஃபினா?

கதிர், ஹாம்பர்க்

முதலில் பெட்டியை, அதாவது வீடியோக்களை வைத்து டிவிக்கு அனுப்பும் சர்வர் கணினியை, முடிவு பண்ணுங்கள். இன்டெல் சிப் உள்ள மினி பிசி ஒன்று போதும். இன்டெல்லை வலியுறுத்தக் காரணம், அதன் கிராஃபிக்ஸுக்குள்ளேயே இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ மாற்றும் பகுதி. டிவிக்குப் புரியாத வடிவத்தில் வீடியோ இருந்தாலும், பார்ப்பவர் பக்கம் நெட் வேகம் குறைந்தாலும், சர்வர்தான் வீடியோவை அந்த நேரத்திலேயே மாற்றி அனுப்ப வேண்டும். டிரான்ஸ்கோடிங் என்பது இதுதான். குவிக் சிங்க் இருந்தால் சிப்புக்கு இது அலட்டலே இல்லாத வேலை. இல்லாவிட்டால் எல்லா கோரும் முழு வேகத்தில் ஓடி, ஃபேன் சத்தம் கூடத்தை நிறைக்கும், 4கே படம் அப்போதும் திக்கித் திக்கித்தான் வரும்.

வாங்க இரண்டு வழி. ஒன்று, புது என்100 மினி பிசி. நான்கு கோர், 6 வாட் வகை சிப். எச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 என்ற வீடியோச் சுருக்க வடிவங்கள் மூன்றையும் ஹார்டுவேரிலேயே பிரிக்கும். 8 ஜிபி ரேம் தாராளம். இன்னொன்று, ஆபீஸ்களிலிருந்து கழித்து வரும் குட்டிப் பெட்டிகள்: லெனோவா திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலிட்டெஸ்க் மினி. க்ளைன்ஆன்சைகன் என்ற, பழைய பொருள் விற்கும் தளத்தில் நிறையக் கிடைக்கும். வாங்கும்போது சிப்பின் தலைமுறையைப் பாருங்கள். எச்இவிசி 10 பிட் வேண்டுமென்றால் ஏழாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். ஐ5-8500டி என்று போட்டிருந்தால் நல்ல பெட்டி, ஏவி1 மட்டும் அதில் ஹார்டுவேரில் ஓடாது. பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் சிப்பில் கிராஃபிக்ஸே கிடையாது. விலை மலிவு என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

சும்மா கிடைக்கிறதே என்று யாராவது கொடுக்கும் பழைய பெரிய டெஸ்க்டாப்பை எடுக்கும் முன் கரண்ட் பில்லைக் கணக்குப் போடுங்கள். 10 வாட் பெட்டி வருடம் முழுக்க ஓடினால் 87.6 யூனிட். யூனிட் 35 சென்ட் என்றால் சுமார் 31 யூரோ. 50 வாட் இழுக்கும் பெட்டிக்கு 438 யூனிட், 153 யூரோ. மினி பிசியின் விலையில் பெரும்பங்கை இரண்டே வருடத்தில் மின்கம்பெனிக்குக் கட்டியிருப்பீர்கள்.

ராஸ்பெர்ரி பை 5 இந்த வேலைக்கு வேண்டாம். நல்ல பலகைதான். ஆனால் பை 4-ல் இருந்த எச்264 என்கோடரை (வீடியோவைச் சுருக்கும் பகுதியை) 5-ல் எடுத்துவிட்டார்கள், டிரான்ஸ்கோடிங் முழுவதும் சிபியு தலையில்தான் விழும். நாஸ் பற்றி: சினாலஜி நிறுவனத்தின் டிஎஸ்923+ உள்ளே இருப்பது கிராஃபிக்ஸ் இல்லாத ரைசன் சிப். டிஎஸ்224+ இன்டெல் ஜே4125, அது பரவாயில்லை. சினாலஜியின் சொந்த வீடியோ ஸ்டேஷன் ஆப்பை நம்பி வாங்காதீர்கள், 2024-ல் அவர்களின் நாஸ் இயங்குதளம் டிஎஸ்எம் 7.2.2 வந்தபோதே அதை நிறுத்திவிட்டார்கள். 2 டிபி வைத்திருப்பவருக்கு நாஸ் தேவையே இல்லை என்பது என் கருத்து.

கதிர், ஹாம்பர்க் (தொடர்ச்சி)

டிஸ்க் பற்றி விட்டுப்போயிற்று. ஊரிலிருந்து வந்த டிஸ்கை அப்படியே சர்வரில் மாட்டாதீர்கள். இங்கே புதிதாக 4 டிபி ஒன்று வாங்கி அதில் நகலெடுங்கள். பழையது அலமாரியில் இருக்கட்டும், அதுதான் உங்கள் பேக்கப். இரண்டு டிஸ்கை ரெய்டில் (ஒன்றின் நகலாக இன்னொன்று ஓடும் முறையில்) போட்டால் பேக்கப் ஆகாது: தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் போய்விடும்.

தனி அடாப்டர் உள்ள 3.5 இன்ச் டிஸ்க் என்றால் அடாப்டரில் 100-240வி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், பிளக் மட்டும் மாற்றினால் போதும். நம் ஊர் மெல்லிய இரண்டு பின் பிளக் இங்குள்ள ஷூகோ பிளக் துளையில் நுழையும், மூன்று பின் நுழையாது.

லினக்ஸ் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யுஎஸ்பி டிஸ்கை எஃப்எஸ்டேப் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்குகளின் பட்டியல்) கோப்பில் சேர்க்கும்போது 'நோஃபெயில்' (nofail) என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால், டிஸ்க் கழன்றிருக்கும் நாளில் பெட்டி பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். சேர்த்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது: டிஸ்க் மவுண்ட் ஆகாத (இணையாத) நேரத்தில் லைப்ரரி ஸ்கேன் (சர்வர் கோப்புகளைத் தேடிப் பட்டியலிடுவது) ஓடினால், கோப்புகள் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டன என்று நினைத்து சர்வர் பட்டியலையே காலி செய்துவிடலாம். வீடியோக்களுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் கையால் சரிசெய்த பெயர்களும் படங்களும் போய்விடும். அதனால் சர்வரின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபோல்டரையும் மாதம் ஒருமுறை நகலெடுத்து வையுங்கள்.

நிலா, ஸ்டுட்கார்ட்

மென்பொருளுக்கு என் பதில் ஜெல்லிஃபின். காரணம் காசு மட்டுமில்லை, ஆனால் காசிலிருந்தே தொடங்கலாம். பிளெக்ஸில் ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங்குக்கு பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டண வசதி வேண்டும். 2025 ஏப்ரல் 29 முதல் வீட்டுக்கு வெளியிலிருந்து பார்க்கவும் காசு: சர்வர் வைத்திருப்பவரிடம் பாஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர் ரிமோட் வாட்ச் பாஸ் வாங்க வேண்டும். அதே நாளில் ஆயுள் பாஸின் விலையை 119.99 டாலரிலிருந்து 249.99 ஆக்கினார்கள். உங்கள் தேவையே திருச்சியில் பார்ப்பதுதான் என்பதால் இது நேராக உங்களைத் தொடுகிறது. எம்பி என்ற இன்னொரு சர்வர் மென்பொருளிலும் ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங்குக்குக் காசு கட்ட வேண்டும். எம்பி தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் ஜெல்லிஃபின். அதில் எல்லாமே இலவசம், வெளியே யாருடைய கணக்கிலும் லாகின் ஆக வேண்டியதில்லை.

பிளெக்ஸுக்கு ஒரு நியாயம் உண்டு. பெரியவர்கள் கையில் ரிமோட்டைக் கொடுத்தால் தடுமாறாமல் போகும் ஆப் அது. பெரும்பாலான டிவிகளின் ஸ்டோரில் இருக்கும். நெட்வொர்க் வேலையில் கைவைக்கவே விருப்பமில்லை, காசு பிரச்சினையில்லை என்றால் பிளெக்ஸ் பாஸ் வாங்குவதில் தவறில்லை.

ஜெல்லிஃபின் போட்டவுடன் செய்ய வேண்டியது: டாஷ்போர்டு, பிளேபேக், டிரான்ஸ்கோடிங். அங்கே இன்டெல் குவிக் சிங்க்கைத் தேர்ந்தெடுத்து, உங்கள் சிப்புக்கு முடிந்த வடிவங்களை மட்டும் டிக் செய்யுங்கள். 8500டியில் ஏவி1-ஐ டிக் செய்தால் அந்த வீடியோ ஓடாமல் பிழைதான் வரும். லினக்ஸில் ஜெல்லிஃபின் பயனரை, கிராஃபிக்ஸைப் பயன்படுத்த அனுமதி தரும் ரெண்டர் குழுவில் சேர்க்க வேண்டும். டாக்கர் (மென்பொருளை கண்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் முறை) என்றால் கிராஃபிக்ஸ் சாதனத்தை கண்டெய்னருக்குள் கொடுக்க வேண்டும். குவிக் சிங்க்கை டிக் செய்த பிறகு மாற்றம் தேவைப்படும் எந்த வீடியோவும் பிழை காட்டி நின்றால், பத்தில் எட்டு முறை இந்த அனுமதிதான் காரணம். டிரான்ஸ்கோட் கேஷ் ஃபோல்டர் (மாற்றும்போது தற்காலிகக் கோப்புகள் சேரும் இடம்) எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். 64 ஜிபி இஎம்எம்சி (பலகையிலேயே பதித்த சேமிப்பகம்) உள்ள பெட்டியில் இரண்டு நீளமான படம் டிரான்ஸ்கோட் ஆனாலே இடம் நிரம்பி, படம் பாதியில் நிற்கும். அதைப் பெரிய டிஸ்குக்கு மாற்றுங்கள்.

செல்வி, மியூனிக்

தமிழ் கலெக்ஷனுக்கு என்று சில விஷயங்கள் இருக்கின்றன, பொதுவான வழிகாட்டிகளில் வராது.

கல்யாண வீடியோவை 'மூவிஸ்' லைப்ரரியில் போடாதீர்கள். கோப்பின் பெயர் 'கல்யாணம்' என்றிருந்தால் அதே பெயரில் ஏதோ ஒரு சினிமாவைத் தேடிப்பிடித்து, போஸ்டரோடு உங்கள் அக்கா கல்யாணத்தின் மேல் ஒட்டிவிடும். இதற்கென்றே ஹோம் வீடியோஸ் என்ற தனி வகை இருக்கிறது.

சினிமாவுக்கு ஒரு படம், ஒரு ஃபோல்டர், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வருடம். வருடம் இல்லாவிட்டால் 1980 பில்லாவுக்கு 2007 பில்லாவின் போஸ்டர் வரும். லைப்ரரி மொழியைத் தமிழ், நாட்டை இந்தியா என்று வைத்தால் கதைச்சுருக்கம் இருக்கும் இடங்களில் தமிழிலேயே வரும்.

ஆடியோ. பல மொழி டிராக் உள்ள கோப்பில் தெலுங்கோ இந்தியோ முதலில் இருந்தால் அதுதான் ஓடும். பயனர் அமைப்பில் விருப்ப ஆடியோ மொழியைத் தமிழ் என்று வையுங்கள். அப்படியும் மாறவில்லையா? அந்த டிராக்கில் மொழிக் குறியே இல்லை என்று அர்த்தம். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளைத் திறந்து, ஹெட்டர் எடிட்டரில் டிராக்குக்குத் தமிழ் என்று குறியிட்டுச் சேமியுங்கள். கோப்பை மறுபடி உருவாக்க வேண்டியதில்லை, சில நொடி வேலை.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவி, பிளேபேக் அமைப்பில் ஃபால்பேக் ஃபான்ட் ஃபோல்டராக அதைக் காட்டுங்கள். கட்டத்துக்குப் பதில் புரியாத குறிகள் வந்தால் அது ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய டிஸ்கி அல்லது பாமினி எழுத்தில் செய்த சப்டைட்டில். ஒருங்குறிக்கு மாற்றி, யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால்தான் சரியாகும்.

டிவிடிக்கு வருகிறேன். ஸ்டுடியோக்காரர் எழுதிக்கொடுத்த கல்யாண டிவிடியில் பூட்டு இருக்காது. மேக்எம்கேவி மென்பொருளில் அப்படியே எம்கேவி கோப்பாக எடுங்கள், தரம் துளியும் குறையாது. ஆட்கள் திரும்பும்போது ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால் அது இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் பதிந்த வீடியோ). ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் பிவ்டிஃப் (bwdif) வடிகட்டியை பாப் (bob) முறையில் போட்டால் நொடிக்கு 50 ஃபிரேமாக வந்து அசைவு வழவழவென்று இருக்கும். விசிடிக்குள் இருக்கும் '.dat' கோப்புகளை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவி நேராகவே படிக்கும். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் எழுதிய டிவிடியின் சாயப்பூச்சு வருடங்கள் போகப்போக மங்கும். ஓரத்திலிருக்கும் பகுதிதான் பெரும்பாலும் முதலில் படிக்க மறுக்கும், தாலி கட்டும் காட்சி அங்கேதான் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்.

கடையில் வாங்கிய சினிமா டிவிடி வேறு கதை. ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டம் 53-வது பிரிவில் தனிப்பட்ட நகலை அனுமதித்தாலும், 95ஏ பிரிவு நகல் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது. டாரண்ட் பக்கம் போகவே வேண்டாம். இறக்கும்போதே நீங்கள் மற்றவர்களுக்குப் பகிரவும் செய்கிறீர்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு வக்கீலிடமிருந்து அப்மானுங் (சட்ட எச்சரிக்கை) கடிதம் வரும், பல நூறு யூரோ கேட்டு. புதிதாக வந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், நண்பருக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி

ரொம்ப நன்றி. என்100 எடுக்கப் போகிறேன். டிவி சாம்சங், ரவுட்டர் வேறு அறையில். சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். 4கே வீடியோ வைஃபையில் ஓடுமா?

கதிர், ஹாம்பர்க்

மினி பிசியை ரவுட்டர் பக்கத்திலேயே வைத்து கேபிளில் மாட்டுங்கள். வைஃபை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் போதும், சர்வரும் வைஃபை டிவியும் வைஃபை என்றால் ஒவ்வொரு பிட்டும் காற்றில் இரண்டு முறை போக வேண்டியிருக்கும். டிவியில் லேன் துளை இருக்கிறதே என்று நினைக்கலாம். பெரும்பாலான டிவிகளில் அது 100 மெகாபிட்தான். பெரிய 4கே புளூரே கோப்பு உச்சக் காட்சிகளில் அதைத் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நன்றாக எட்டும் இடமென்றால் அதுவே மேல். நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர் இருந்தால் டெவோலோ மாதிரி, மின்கம்பி வழியாகவே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டரைப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள், வேகம் பாதியாகக் குறைவது அங்கேதான்.

சாம்சங் டிவிகளில் 2018 மாடலிலிருந்து டிடிஎஸ் என்ற ஆடியோ வடிவம் கிடையாது. அப்படிப்பட்ட கோப்பில் சர்வர் ஆடியோவை மட்டும் மாற்றி அனுப்பும், அது லேசான வேலை. சிபியு ஏறுகிறதென்றால் சப்டைட்டிலைப் பாருங்கள். டிவிடி, புளூரேயில் வரும் படவடிவ சப்டைட்டிலை ஆன் செய்தால், பல ஆப்களில் அதை வீடியோவின் மேல் எழுதி முழு வீடியோவையும் மறுபடி என்கோட் செய்ய வேண்டியிருக்கும். எஸ்ஆர்டி என்ற எழுத்து வடிவில் வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. டாஷ்போர்டில் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவின் மேல் உள்ள தகவல் குறியைத் தட்டினால் டைரக்ட் பிளேயா (மாற்றாமல் அப்படியே ஓடுவது), டிரான்ஸ்கோடா, என்ன காரணம் என்று அதுவே சொல்லும்.

நிலா, ஸ்டுட்கார்ட்

திருச்சியிலிருந்து பார்ப்பது பற்றி நான் சொல்கிறேன். ரவுட்டரில் ஜெல்லிஃபினின் 8096 போர்ட்டைத் (வெளியிலிருந்து சர்வருக்கு வரும் வழி) திறந்துவிடுங்கள் என்று சொல்வார்கள், செய்யாதீர்கள். அது உலகத்துக்கே கதவைத் திறப்பது. இங்கே பல இணைப்புகளில் அது வேலையும் செய்யாது. டாய்ச்ச கிளாஸ்ஃபேசர், வோடஃபோன் கேபிள் போன்றவற்றில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனி ஐபிவி4 முகவரி (இணையத்தில் உங்கள் வீட்டைக் காட்டும் எண்) கிடைக்காது. ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டரில் ஆன்லைன் மானிட்டர் பக்கத்தில் டிஎஸ்-லைட் டனல் என்று இருந்தால் உங்களுக்கும் இதே நிலைதான். பிளெக்ஸும் இந்த நிலையில் நேர் இணைப்புக் கிடைக்காவிட்டால் ரிலே (பிளெக்ஸின் இடைச் சர்வர்) வழியாகப் போகும், அதன் வேகம் பாஸ் இருந்தாலும் 2 மெகாபிட்தான்.

டெய்ல்ஸ்கேல் (உங்கள் சாதனங்களுக்கிடையே தனி நெட்வொர்க் அமைக்கும் மென்பொருள்) போடுங்கள், தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம். சர்வரில் ஒன்று, ஊரில் உள்ள ஆண்ட்ராய்டு டிவியிலோ ஃபயர் ஸ்டிக்கிலோ ஒன்று. ஜெல்லிஃபின் ஆப்பில் சர்வரின் 100 என்று தொடங்கும் டெய்ல்ஸ்கேல் முகவரியைக் கொடுத்தால் முடிந்தது. நெட் வாங்கும்போது அப்லோட் வேகத்தைப் பாருங்கள். 50 மெகாபிட் டிஎஸ்எல்லில் அப்லோட் 10தான், 100-ல் 40. அம்மா அப்பாவுக்குத் தனிப் பயனர் கணக்கு உருவாக்கி, இணையவழி பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் அளவு) வரம்பை 4 மெகாபிட்டாக வையுங்கள். 1080பி வீடியோ அதில் நன்றாகவே தெரியும், ஊரில் மழைநாளில் நெட் தள்ளாடினாலும் ஓடும். அந்தக் கணக்குக்கு ஹோம் வீடியோஸும் தமிழ்ப் படங்களும் மட்டும் தெரிந்தால் போதும், அழிக்கும் அனுமதி வேண்டாம்.

ஸ்டிக்கை இங்கேயே முழுதாக அமைத்து, போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, யாராவது ஊருக்குப் போகும்போது கொடுத்தனுப்புங்கள். கொடுக்கும் முன் டெய்ல்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்தில் அந்த ஸ்டிக், சர்வர் இரண்டுக்கும் கீ எக்ஸ்பைரியை நிறுத்திவையுங்கள். விட்டுவிட்டால் 180 நாளில் லாகின் காலாவதியாகி, ஊரில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சர்வரே தெரியாமல் போகும், போனிலேயே அதைச் சரிசெய்ய வைப்பது பெரும் பாடு.