சொந்தபந்தம் குரூப்பில் பெரியப்பாவோட டயட்

பாளை பெரியப்பா: [படம்]

பாளை பெரியப்பா: எல்லாரும் பாத்துக்கோங்க. 86 கிலோ இருந்தேன் இப்போ 81. சோறு இட்லி தோசை எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. வெறும் வயித்து சுகர் 118. முன்னால 170க்கு கீழ எறங்குனதே கிடையாது

தென்காசி அத்தை: சூப்பர் அண்ணே 👏 மொகம் தான் கொஞ்சம் வாடிப் போச்சு

மஸ்கட் அண்ணன்: அப்பா செம. ஆனா அம்மா நேத்து போன்ல வேற கதைல்ல சொன்னாங்க

பெரியம்மா: இவுக பெருமைய மட்டும் தான் போடுவாக. சாயங்காலம் ஆனா கை நடுங்குது வேர்த்து ஊத்துது. நேத்து ஒரு கடலைமிட்டாய் குடுத்த பொறவு தான் நிமிந்தே உக்காந்தாக

பாளை பெரியப்பா: அது வெயிலு

கவிதா அக்கா: பெரியப்பா வெயில் எல்லாம் இல்ல. என்ன மாத்திரை போடுறீங்க, அட்டைய ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க

பாளை பெரியப்பா: [படம்] பழைய மாத்திரை தான். காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு

கவிதா அக்கா: இதுல கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேந்து இருக்கு. இந்த கிளிமிபிரைடு நீங்க சாப்டீங்களா இல்லையான்னு பாக்காது, கணையத்தை இன்சுலின் சுரக்க வெச்சிட்டே இருக்கும். டாக்டர் அந்த டோஸ் எழுதுனது நீங்க காலைல அஞ்சு இட்லியும் மதியம் மலையாட்டம் சோறும் சாப்பிட்டப்போ. இப்ப சோத்த நிறுத்திட்டீங்க, மாத்திரை மட்டும் அப்படியே ஓடுது, சுகர் தாழத்தான் செய்யும்

மஸ்கட் அண்ணன்: அப்ப மாத்திரைய நிறுத்திரலாமா

கவிதா அக்கா: ஐயோ அண்ணே நீங்களா எதையும் நிறுத்தச் சொல்லாதீங்க. நாளைக்கே டாக்டர்ட்ட போய் நான் சோறு குறைச்சிட்டேன் சாயங்காலம் இப்படி ஆகுதுன்னு சொல்லணும், அவர் தான் டோஸ குறைக்கணும். அதுவரைக்கும் நடுங்குனா உடனே குளுக்கோமீட்டர்ல பாருங்க, 70க்கு கீழன்னா மூணு ஸ்பூன் சீனிய தண்ணில கரைச்சு குடிச்சிட்டு 15 நிமிசம் கழிச்சு திரும்ப பாக்கணும். அந்த நேரத்துக்கு கடலைமிட்டாய் பாதாம் எல்லாம் வேண்டாம், அதுல இருக்க கொழுப்பு சுகர் ஏறுறத லேட் ஆக்கும்

மஸ்கட் அண்ணன்: எனக்கு டாபாகிளிஃப்ளோசின் குடுத்திருக்காங்க கவிதா. நானும் அப்பா மாதிரி ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்

கவிதா அக்கா: அதுக்கு இன்னும் கவனம் வேணும்ணே. அந்த மாத்திரையோட கார்ப, அதான் சோறு இட்லில இருக்க மாவுச்சத்த, ஒரேயடியா வெட்டுனா ரத்தத்துல கீட்டோன்ங்கிற அமிலம் ஏறி ஆஸ்பத்திரில படுக்க வேண்டியதாயிரும். அதுல சுகர் ரொம்ப ஏறாமக்கூட இருக்கும், அதனாலயே ஆள் கண்டுக்காம விட்ருவாங்க. வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குறது இதெல்லாம் வந்தா சுகர் நல்லாத்தான இருக்குன்னு வீட்ல இருக்கக் கூடாது. டாக்டர்ட்ட கேக்காம ஆரம்பிக்காதீங்க

மஸ்கட் அண்ணன்: 🙏🙏

பாளை பெரியப்பா: சரி தாயி நாளைக்குப் போறேன். இன்னொரு சங்கதி. முத மாசம் மடமடன்னு எறங்குச்சு, இப்ப 81லயே நிக்கி. ஒரு பருக்கை சோறு திங்கல

கவிதா அக்கா: நேத்து என்னென்ன சாப்டீங்க, ஒளிக்காம சொல்லுங்க

பெரியம்மா: நான் சொல்லுதேன். காலைல 100 பாதாம், எண்ணி எண்ணி. அதோட நெய் ஊத்துன காப்பி. மதியம் அவியல், கீரை, முட்டைக்கோசு, எல்லாத்துலயும் தேங்கா. நாலு மணிக்கு ஒரு கிண்ணம் வறுத்த நெலக்கடலை. ராத்திரி காளிஃபிளவர நெய்ல வறுத்து. கோழி மீனு எதுவும் தொடல, புரட்டாசியாம்

தென்காசி அத்தை: புரட்டாசி முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு அண்ணே 😂

கவிதா அக்கா: 100 பாதாம் கிட்டத்தட்ட 120 கிராம் வரும், அதுவே 700 கலோரி. கடலை ஒரு 100 கிராம்னு வெச்சா 560க்கு மேல. நெய் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 130. மதிய சாப்பாட்ட கணக்குல சேக்காமயே 1400 தாண்டிருச்சு. கார்புலயும் புரோட்டீன்லயும் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புல 9. சோறு இல்லைன்னா எவ்ளோ வேணாலும் தின்னலாம்னு நெனைக்கிற எடத்துல தான் எல்லாரும் மாட்டுறாங்க

பாளை பெரியப்பா: அப்ப முத மாசம் எப்படி எறங்குச்சு

கவிதா அக்கா: அதுல பாதி தண்ணி பெரியப்பா. ஈரல்லயும் தசையிலயும் சேத்து வெச்ச சர்க்கரை, கிளைக்கோஜன்னு பேரு, தண்ணியோட தான் ஒட்டிட்டு இருக்கும், கார்ப வெட்டுனா அது கரையும், கூடவே தண்ணியும் போயிரும். அதுக்குப் பொறவு எறங்குறது தான் நெசமான எடை, அது மெதுவாத்தான் போகும்

நான்: அக்கா ஒரு நாளைக்கு எது எவ்ளோன்னு ஒரு அளவு சொல்லேன், நானும் அப்பாவுக்குப் பாக்குறேன்

கவிதா அக்கா: ஆளுக்கு ஆள் மாறும்டா. பெரியப்பாவுக்கு 1500 கலோரின்னு வை. கார்ப் 130 கிராம், அது 520 கலோரி. புரோட்டீன் 75 கிராம், அது 300. மிச்சம் 680 கொழுப்பு, 75 கிராம் தான். அதுல தேங்கா, தாளிக்குற எண்ணெய், முட்டை மஞ்சக்கரு, மீன்ல உள்ள கொழுப்பு எல்லாமே அடங்கணும். கொழுப்பு தன்னால வந்து சேந்துரும், நாம தேடிப் போக வேண்டியது புரோட்டீன் தான். பெரியம்மா சொன்ன லிஸ்ட்ல பாதாம் கடலை ரெண்டையும் விட்டா புரோட்டீனே இல்ல, அந்தப் புரோட்டீனுக்கு 1200 கலோரிக்கு மேல போயிருச்சு. புரோட்டீன் பத்தலைன்னா எடையோட தசையும் கரையும், அத்தை வாடிப் போச்சுன்னு சொன்னாங்கல்ல

கவிதா அக்கா: ஆனா அதுக்கு முன்னால கிரியேட்டினின் ரிப்போர்ட் பாக்கணும். கிட்னில பிரச்சனை இருந்தா இந்த 75 கணக்கே வேற

பெரியம்மா: போன மாசம் பாத்தது 0.9 கவிதா. டாக்டர் நல்லாருக்குன்னாரு

கவிதா அக்கா: அப்ப சரி. சாளை மீன் வாங்குங்க பெரியம்மா, வெலையும் கம்மி, குழம்பு வெச்சா போதும் பொரிக்க வேண்டாம். காலைல ரெண்டு முட்டையோட இன்னும் ரெண்டு வெள்ளைக்கரு. பாதாம் 15 போதும்

பாளை பெரியப்பா: 15ஆ 😳

தென்காசி அத்தை: ஃபார்வர்ட் செய்யப்பட்டது: அரிசியை விடுங்கள்! கேழ்வரகு சாப்பிடுங்கள்! சர்க்கரை ஓடிவிடும்!

கவிதா அக்கா: அத்தை கேப்பை மாவு 100 கிராம்ல கார்ப் 67, அரிசில 78. நார்ச்சத்து, கால்சியம் எல்லாம் கேப்பைல கூடத்தான், ஒத்துக்கிறேன். அதுக்காக நாலு கேப்பை தோசை திங்கலாம்னு இல்ல. கூழாக் கரைச்சுக் குடிச்சா இன்னும் வேகமா ஏறும். கருப்பட்டியும் அப்படித்தான், அதுவும் சீனி தான்

தென்காசி அத்தை: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

தென்காசி அத்தை: ஏட்டி நான் சைவம், மீன் முட்டை ஒண்ணும் கிடையாது. எனக்கும் சுகர் இருக்கு, நான் எங்க போய் 75 தேடுவேன்

கவிதா அக்கா: உங்களுக்கு 55, 60 வந்தாப் போதும் அத்தை. பனீர் 100 கிராம்ல 18 வரும், மீல் மேக்கர் 50 கிராம்ல 26 வரும். சுண்டல் நல்லதுதான், ஆனா வேக வெச்ச கொண்டக்கடலை 100 கிராம்ல புரோட்டீன் 9, கார்ப் 27. அதனால சுண்டல் சாப்டுற அன்னைக்கு சோத்துல அதைக் கழிச்சிருங்க. நீங்க ரொம்ப கீழ எறக்கவும் வேண்டாம். 2022ல ஐசிஎம்ஆர்-இந்தியாப்ங்கிற சர்க்கரை நோய் ஆய்வுல நம்மூர் ஆட்கள் 18,090 பேர் சாப்பாட்ட வெச்சு கணக்குப் போட்டாங்க, சுகர் திரும்பி நார்மலுக்கு வர மொத்த கலோரில கார்ப் 49ல இருந்து 54 சதவீதம், புரோட்டீன் 19, 20 சதவீதம்னு வந்துச்சு. நம்ம வீட்ல எல்லாம் கார்பே 60க்கு மேல போகும், புரோட்டீன் 12 வந்தாலே பெருசு

பெரியம்மா: அப்ப இவுகளுக்கு மதியம் சோறு வைக்கலாமா

கவிதா அக்கா: தாராளமா. வடிச்ச சோறு 150 கிராம், ஒரு கப்பு, கார்ப் 42 கிராம் கிட்ட வரும். முதல்ல காயும் மீனும் சாப்டுட்டு கடைசில சோத்துக்கு வரச் சொல்லுங்க, அதுலயே ஏறுறது குறையும். ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்து எழுதி வைங்க

பாளை பெரியப்பா: அந்த 42லயும் சொதி ஊத்திக்கலாமா

கவிதா அக்கா: ஒரு கரண்டி. தேங்காப்பால் கொழுப்புக் கணக்குல போகும், அன்னைக்கு நெய் கிடையாது

பெரியம்மா: கரண்டி என் கைல தான் இருக்கு, நான் பாத்துக்குறேன்

தென்காசி அத்தை: மீல் மேக்கர் வாடை அடிக்குமே கவிதா

கவிதா அக்கா: கொதிக்குற தண்ணில உப்பு போட்டு 10 நிமிசம் ஊற வெச்சு, நல்லாப் பிழிஞ்சிட்டு பச்சைத் தண்ணில ரெண்டு தடவ அலசுங்க. பொறவு மிளகு சீரகம் போட்டு வறுத்தா தெரியாது