சீட்டுப் பணம் ஸ்மார்ட் காண்ட்ராக்டை விட்டு வெளியே வரவில்லை, உதவுங்கள்

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் 12 பேர் சீட்டு போடுகிறோம். நோட்டில் பென்சிலால் எழுதி அழித்த ஒரே வரியால் போன தை மாதம் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு இடையே பேச்சே நின்றுபோனது. யாரும் அழிக்க முடியாத கணக்காக இருக்கட்டும் என்றுதான் ஸ்மார்ட் காண்ட்ராக்ட் (எதீரியம் பிளாக்செயினில் ஓடும் நிரல்) எழுதினேன். மொழி சாலிடிட்டி 0.8.20, எழுதும் கருவி ரீமிக்ஸ், ஓடுவது செபோலியா என்ற சோதனை நெட்வொர்க்கில் (டெஸ்ட்நெட்). நிஜப் பணம் இல்லை. சோதனைக்காக ஒரு மாதத்தை ஒரு நாளாகச் சுருக்கியிருக்கிறேன்.

பணம் கட்டுவது எல்லோருக்கும் நடக்கிறது. முதல் இரண்டு சுற்றில் எடுக்கவும் முடிந்தது. மூன்றாம் சுற்று எதிர்வீட்டு அக்காவுடையது. அங்கே பத்து நாளாக ‘அவுட் ஆஃப் கேஸ்’ என்ற பிழை, அதாவது நிரல் ஓடுவதற்கு ஒதுக்கிய கேஸ் (வேலையை அளக்கும் அலகு) தீர்ந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு மெட்டாமாஸ்க் என்ற சாதாரண வாலட். அக்காவுக்கு மட்டும் கணவரும் சேர்ந்து ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் நகரும் மல்டிசிக் வாலட், அதாவது அதுவே ஒரு காண்ட்ராக்ட்.

கேஸ் லிமிட்டை மூன்று மடங்கு ஏற்றினேன். புதிதாக டிப்ளாய் செய்தேன். ஈதர்ஸ்கேனில் (பிளாக்செயின் பதிவுகளைக் காட்டும் தளம்) பார்த்தால் இருப்பு சரியாகவே இருக்கிறது. அப்புறம்தான் படித்தேன்: பணம் அனுப்ப நான் பயன்படுத்திய ‘டிரான்ஸ்ஃபர்’ கட்டளை, பெறுபவருக்கு 2300 கேஸ் மட்டுமே கொடுக்குமாம்; காண்ட்ராக்டாக இருக்கும் அக்காவின் வாலட்டுக்கு அது போதவில்லை போல. அந்த வரம்பு இல்லாத ‘கால்’ (call) கட்டளைக்கு மாற்றலாம், ஆனால் 2016இல் தி டாவோ என்ற எதீரியம் முதலீட்டு நிதியில் நடந்த ரீஎன்ட்ரன்சி தாக்குதலை (முதல் அழைப்பு முடியும் முன்பே திரும்பத் திரும்ப அழைத்துப் பணம் எடுப்பது) நினைத்தால் பயமாக இருக்கிறது.

‘பணம் கொடுத்தாச்சு’ என்று முதலில் குறித்துவிட்டு அடுத்த வரியில் ‘கால்’ செய்தால் போதுமா, தனியாக ரீஎன்ட்ரன்சி கார்டும் (guard, மறு அழைப்பைத் தடுக்கும் பூட்டு) போட வேண்டுமா?